லாபம் என்றால் எனக்கு, நட்டம் என்றால் ஊருக்கு!

 



திருக்குர்ஆனின் 83வது அத்தியாயத்தை அல்லாஹ் ஒரு சாபத்தோடு தொடங்குகிறான். யாருக்கு அந்தச் சாபம்? மக்களிடம் அளந்து வாங்கும்போது குறையாமல் முழுசாக வாங்கிக்கொண்டு, தான் அளந்து கொடுக்கும்போது மட்டும் குறைத்துவிடுகிறவர்களுக்கு. வரும்போது ஒரு படி, போகும்போது வேறு படி. இந்த வசனங்களைக் கேட்டவுடன் நமக்கு அரிசிக் கடையும் தராசும்தான் நினைவுக்கு வரும். ஆனால் லாபத்தை ஒரு படியாலும் நட்டத்தை வேறு படியாலும் அளக்கிறவனும் இதே கூட்டத்தில் சேர்ந்தவன்தான். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

ஒரு தகப்பனை எடுத்துக்கொள்ளுங்கள். மகன் கடன் வாங்கித் தொழில் செய்கிறான். லாபம் வந்தால் வண்டி வாங்குகிறான், விருந்து வைக்கிறான். நட்டம் வந்தால் வாப்பா வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து அடைக்கிறார். ஒரு முறை அடைத்தார், இரண்டாம் முறையும் அடைத்தார். மூன்றாம் முறை அந்த மகன் எப்படித் தொழில் செய்வான்? இன்னும் பெரிய கடன் வாங்குவான், இன்னும் துணிச்சலாக இறங்குவான். ஜெயித்தால் அவனுக்கு, தோற்றால் வாப்பாவுக்கு என்பது அவன் மனதில் பதிந்துவிட்டது. விழுந்தால் தூக்கிவிட ஆள் இருக்கிறது என்ற தைரியமே ஒருவனை விழும் இடத்திற்கு இழுத்துச் செல்வதைத்தான் பொருளாதார அறிஞர்கள் 'மாரல் ஹசார்ட்' என்கிறார்கள். இது ஒரு வீட்டில் நடந்தால் ஒரு குடும்பம் அழியும். ஒரு நாட்டின் வங்கிகளில் நடந்தால்?

2008இல் நடந்தது என்ன?

அமெரிக்காவில் திருப்பிக் கட்ட வசதி இல்லாதவர்களுக்கும் வீட்டுக் கடனை அள்ளிக் கொடுத்தார்கள். கொடுத்த கடனைத் தன் கையிலேயே வைத்திருந்தால் 'இவன் கட்டுவானா' என்று கடன் கொடுத்தவன் யோசித்திருப்பான். ஆனால் அந்தக் கடன்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து, பத்திரமாக மாற்றி, உலகம் முழுவதும் விற்றுவிட்டார்கள். கமிஷன் கையில் வந்துவிட்டது, ஆபத்து அடுத்தவன் தலைக்குப் போய்விட்டது. ஏஐஜி என்ற பெரிய காப்பீட்டு நிறுவனம், அந்தப் பத்திரங்கள் மூழ்கினால் தான் ஈடு கட்டுவதாகப் பொறுப்பேற்றுப் பணம் வாங்கியது. அப்படி ஈடு கட்டும் அளவுக்கு அதனிடம் பணம் இல்லை.

வீட்டு விலை சரிந்தது. 2008 மார்ச்சில் பேர் ஸ்டேர்ன்ஸ் என்ற நிதி நிறுவனம் சாயப் போனபோது, மத்திய வங்கி பின்னால் நின்று அதை ஜே.பி. மார்கன் வங்கியிடம் ஒப்படைத்தது. அதைப் பார்த்த மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? 'நம்மையும் விட மாட்டார்கள்' என்றுதானே! செப்டம்பர் 15 அன்று, 158 ஆண்டு பழைமையான லேமன் பிரதர்ஸ் நிறுவனத்தை அரசு கைவிட்டது. உலகச் சந்தையே நடுங்கியது. மறுநாளே ஏஐஜிக்கு 8,500 கோடி டாலர் கடன் அறிவிக்கப்பட்டது. அக்டோபர் 3ஆம் தேதி, 70,000 கோடி டாலர் மீட்புத் திட்டத்தில் அதிபர் கையெழுத்திட்டார்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஒரு பெரிய வங்கி விழும்போது அது தனியாக விழாது. அதில் சம்பளப் பணம் வைத்திருக்கும் தொழிலாளி, பென்ஷன் பணம் வைத்திருக்கும் முதியவர், அதை நம்பிக் கடன் வாங்கியிருக்கும் சிறு வியாபாரி எல்லோரையும் இழுத்துக்கொண்டுதான் விழும். ஆகவே அரசு கை கொடுத்ததே தவறு என்று நாம் சொல்லிவிட முடியாது. யாருக்குக் கை கொடுத்தார்கள், எந்த நிபந்தனையில் கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

அரசுப் பணத்தால் உயிர் பிழைத்த அதே ஏஐஜி, 2009 மார்ச்சில் தன் அதிகாரிகளுக்குச் சுமார் 16.5 கோடி டாலர் போனஸ் கொடுத்தது. நிறுவனத்தை மூழ்கடித்த பிரிவின் ஊழியர்களுக்கே அந்தப் பணம் போனது. அதே காலத்தில் தவணை கட்ட முடியாத லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்து தெருவுக்கு வந்தன. பெரிய வங்கிகளின் தலைமை நிர்வாகி ஒருவர்கூடச் சிறைக்குச் செல்லவில்லை.

மக்ஸூம் கோத்திரத்துப் பெண் திருடியபோது, அவள் உயர்குலத்தவள் என்பதற்காக நபி (ஸல்) அவர்களிடம் சிபாரிசு செய்ய வந்தார்கள். நபியவர்கள் கோபப்பட்டு எழுந்து நின்று உரையாற்றினார்கள். பெரிய இடத்து ஆள் திருடினால் விட்டுவிடுவதும், எளியவன் திருடினால் தண்டிப்பதும்தான் முன்சென்ற சமுதாயங்களை அழித்தது என்று எச்சரித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் இந்த ஹதீஸை இந்த நிகழ்வோடு வைத்துப் பாருங்கள்.

"பணம்தான் திரும்பி வந்துவிட்டதே?"

இங்கே சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். "ஹழ்ரத், அமெரிக்க அரசு வங்கிகளுக்குக் கொடுத்த பணம் பின்னால் லாபத்தோடு திரும்பி வந்துவிட்டதே, பிறகு என்ன குறை?" உண்மைதான், வங்கிகளில் போட்ட பணம் லாபத்தோடு திரும்பியது. இந்தக் கேள்விக்கு 1,400 ஆண்டுகளுக்கு முன்பே உமர் (ரலி) அவர்களின் சபையில் பதில் இருக்கிறது.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் வரும் சம்பவம் இது. உமர் (ரலி) அவர்களின் பிள்ளைகள் அப்துல்லாஹ், உபைதுல்லாஹ் இருவரும் படையோடு இராக் சென்று திரும்புகிறார்கள். வழியில் பஸராவின் கவர்னர் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களைச் சந்திக்கிறார்கள். அவர் அன்பாக ஒரு வழி காட்டுகிறார். கலீஃபாவுக்கு அனுப்ப வேண்டிய பைத்துல் மால் பணம் கொஞ்சம் இருக்கிறது. அதை உங்களுக்குக் கடனாகத் தருகிறேன். இங்கே சரக்கு வாங்கி மதீனாவில் விற்று, முதலைக் கலீஃபாவிடம் கொடுத்துவிட்டு, லாபத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். அப்படியே செய்தார்கள். நல்ல லாபம் வந்தது. முதலைக் கொண்டு போய் உமர் (ரலி) அவர்களிடம் கொடுத்தார்கள்.

முதல் குறையவில்லை, யாருக்கும் நட்டம் இல்லை. ஆனால் உமர் (ரலி) அவர்கள் கேட்ட முதல் கேள்வி என்ன? உங்களுக்குக் கடன் கொடுத்தது போல் படையில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தாரா என்று கேட்டார்கள். இல்லை என்றார்கள். அப்படியானால் அமீருல் முஃமினீனின் பிள்ளைகள் என்பதற்காகத்தான் கொடுத்திருக்கிறார். முதலையும் லாபத்தையும் வையுங்கள் என்றார்கள்.

அப்துல்லாஹ் (ரலி) வாய் திறக்கவில்லை. உபைதுல்லாஹ் வாதாடினார். பணம் குறைந்திருந்தாலோ அழிந்திருந்தாலோ நாங்கள்தானே ஈடு கட்டியிருப்போம், அப்படியிருக்க லாபமும் எங்களுக்குத்தானே என்றார். அது வெறும் வாய்ப்பேச்சு அல்ல, மார்க்கச் சட்டத்தில் இடம் உள்ள வாதம். கடைசியில் சபையில் இருந்த ஒருவர், இதைக் கூட்டு வியாபாரமாக, அதாவது 'கிராள்' என்று ஆக்கிவிடலாமே என்று ஆலோசனை சொன்னார். உமர் (ரலி) ஏற்றுக்கொண்டார்கள். முதலும் பாதி லாபமும் பைத்துல் மாலுக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்கு என்று முடிவானது.

பணம் திரும்பி வந்ததா என்பதோடு உமர் (ரலி) நிறுத்தவில்லை. இந்தக் கதவு மற்றவர்களுக்கும் திறந்திருந்ததா என்று கேட்டார்கள். 2008இல் ஏஐஜியை மீட்டபோது அமெரிக்க அரசு அதன் பங்கில் சுமார் 80 சதவீதத்தை எடுத்துக்கொண்டது. பொதுப் பணம் போனால் பொது மக்களுக்குப் பங்கு வர வேண்டும் என்ற அந்த அளவுக்கு அது சரிதான். ஆனால் 'படையில் எல்லோருக்கும் கொடுத்தாரா' என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. வீட்டை இழந்தவனுக்கு அந்தக் கதவு அதே வேகத்தில் திறக்கவில்லை.

லாபமும் பொறுப்பும் ஒரே கையில்

நமது ஃபிக்ஹில் ஒரு அடிப்படை விதி உண்டு: 'அல்குன்மு பில்குர்ம்'. ஆதாயம் யாருக்கோ, அதன் நட்டத்தைச் சுமக்கும் பொறுப்பும் அவருக்கே. பொறுப்பேற்காத பொருளில் லாபம் எடுப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஹதீஸ் கிரந்தங்களில் வருகிறது. வட்டி ஏன் ஹராம் என்பதன் ஒரு ரகசியம் இங்கே இருக்கிறது. வாங்கியவன் மூழ்கினாலும் மிதந்தாலும் எனக்கு என் வட்டி வந்தாக வேண்டும் என்பதுதானே வட்டி! அல்லாஹ் 2:279இல் வட்டியை விடாதவர்களுக்கு எதிராக அவனும் அவன் தூதரும் போர் தொடுப்பதாக அறிவிக்கிறான். அதே வசனத்தில், தவ்பா செய்தால் முதல் உங்களுக்கு உண்டு, நீங்களும் அநியாயம் செய்யக் கூடாது, உங்களுக்கும் அநியாயம் செய்யப்படாது என்கிறான்.

இதற்கு ஸஹாபாக்கள் எப்படி வாழ்ந்து காட்டினார்கள்? ஸுபைர் (ரலி) அவர்களிடம் மக்கள் பணத்தை அமானிதமாக வைக்க வருவார்கள். அவர் அமானிதமாக வேண்டாம், கடனாகக் கொடுங்கள் என்பார். ஏன்? அமானிதப் பொருள் நம் கவனக்குறைவு இல்லாமல் தொலைந்துபோனால் ஈடு கட்ட வேண்டியதில்லை. கடன் என்றால் எப்படித் தொலைந்தாலும் கட்டியே ஆக வேண்டும். மக்கள் பணம் வீணாகிவிடக் கூடாது என்று அஞ்சி, சட்டம் சுமத்தாத பொறுப்பையும் தன் தலையில் தானே ஏற்றிக்கொண்டார். அவர் ஷஹீதானபோது கணக்குப் பார்த்தால் கடன் 22 லட்சம்! மகன் அப்துல்லாஹ் (ரலி) நிலங்களை விற்று முழுவதும் அடைத்தார். அதன் பிறகும் உடனே வாரிசுப் பங்கு பிரிக்கவில்லை. கடன் பாக்கி உள்ளவர்கள் வரலாம் என்று நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் அறிவிப்புச் செய்துவிட்டுத்தான் பங்கு வைத்தார். இது புகாரியில் வருகிறது.

வங்கி அதிகாரி பொறுப்பைத் தன் தலையில் இருந்து இறக்கி ஊர் தலையில் வைத்தார். ஸுபைர் (ரலி) ஊரின் பொறுப்பை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

அப்படியானால் விழுந்தவனைத் தூக்கக் கூடாதா?

தூக்க வேண்டும். கடனில் மூழ்கியவர்களுக்கு ஜகாத்திலேயே ஒரு பங்கை அல்லாஹ் ஒதுக்கியிருக்கிறான் (9:60). கடனோடு இறந்து, அடைக்க வழி இல்லாதவரின் கடனைத் தானே ஏற்பதாக நபி (ஸல்) அவர்கள் பின்னாளில் அறிவித்தார்கள். ஆனால் மார்க்கம் அதற்கு முறை வைத்திருக்கிறது.

முதலாவது, யாரைத் தூக்குவது? முஸ்லிமில் வரும் கபீஸா (ரலி) அவர்களின் ஹதீஸில், பிறரிடம் கேட்பது மூவருக்கே கூடும் என்று நபியவர்கள் சொன்னார்கள். சமாதானத்திற்காகப் பிறரின் கடனைத் தன் மேல் ஏற்றுக்கொண்டவர், பேராபத்தில் சொத்தெல்லாம் அழிந்தவர், அவருடைய சமூகத்து விவரமறிந்த மூன்று பேர் சாட்சி சொல்லும் அளவுக்கு வறுமையில் விழுந்தவர். அதிலும் தேவை தீரும் வரைதான், தீர்ந்ததும் நிறுத்திக்கொள்ள வேண்டும். சாட்சியும் உண்டு, எல்லையும் உண்டு. பாவமான காரியத்திற்குக் கடன் வாங்கியவர் தவ்பா செய்யாதவரை அவருக்கு ஜகாத் பங்கு இல்லை என்று நம் ஷாஃபிஈ மத்ஹபில் சொல்வதும் இதனால்தான்.

இரண்டாவது, நட்டத்தில் யாருக்கெல்லாம் பங்கு? ஒரு ஸஹாபி பழங்கள் வாங்கினார். அதில் ஆபத்து ஏற்பட்டுக் கடன் பெருகிவிட்டது. நபி (ஸல்) அவர்கள் அவருக்கு ஸதகா கொடுங்கள் என்றார்கள். மக்கள் கொடுத்தும் கடனுக்குப் போதவில்லை. அப்போது கடன் கொடுத்தவர்களிடம், கிடைத்ததை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்று முடித்துவிட்டார்கள். இதுவும் முஸ்லிமில் வருகிறது. ஊரும் உதவியது, கடன் கொடுத்தவனும் தன் பங்குக்கு இழந்தான்.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்து சாட்சி. 2008 செப்டம்பர் 30 அன்று அந்த அரசு ஆறு வங்கிகளின் பாக்கிகளுக்கு மொத்தமாக உத்தரவாதம் கொடுத்தது. எளியவர்களின் சேமிப்புக்கு மட்டுமல்ல, லாபத்திற்காக அந்த வங்கிகளின் பத்திரத்தில் பணம் போட்ட பெரிய முதலீட்டாளர்களில் பெரும்பாலோருக்கும் சேர்த்துத்தான். கடைசியில் சுமார் 6,400 கோடி யூரோ கொட்ட வேண்டியதாயிற்று. சுமார் 45 லட்சம் பேர் வாழும் நாடு அது. பிறந்த குழந்தை முதல் ஆளுக்கு 14,000 யூரோ! சம்பளம் வெட்டப்பட்டது, வரி கூடியது, இளைஞர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் என்ற அல்லாஹ்வின் நியதிக்கு (6:164) மாற்றமாக, வட்டிக்காரன் சுமையைத் தொட்டில் குழந்தை சுமந்தது.

ஐஸ்லாந்தில் அதே அக்டோபரில் மூன்று பெரிய வங்கிகளும் விழுந்தன. உள்நாட்டு மக்களின் சேமிப்பைப் பாதுகாத்தார்கள். பங்குதாரர்களையும் பத்திரத்தில் போட்டவர்களையும் நட்டத்தைச் சுமக்க விட்டார்கள். வங்கித் தலைவர்கள் பலரைச் சிறைக்கும் அனுப்பினார்கள். அவர்களுக்கும் கஷ்டம் வந்தது, நாணயத்தின் மதிப்பு சரிந்தது, பன்னாட்டு நிதியத்திடம் கடன் வாங்கினார்கள். ஆனால் தப்புச் செய்தவன் முகவரி எது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்தது.

நம் பக்கத்திலும் ஒரு உதாரணம் உண்டு. 1926இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் தடுமாறியபோது, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. பத்து நாளில் அது டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டது. சேமிப்பு வைத்திருந்தவர்களின் பணம் காப்பாற்றப்பட்டது, பங்குதாரர்களின் முதலோ முழுவதும் அழிந்தது. அந்தப் பங்குதாரர்களில் சிறிய முதலீட்டாளர்களும் இருந்தார்கள், அவர்களுடைய வேதனையும் உண்மையானது. என்றாலும், பாதுகாப்பாக வைத்தவனையும் லாபத்திற்காகப் போட்டவனையும் வேறு வேறாகப் பார்த்தார்கள்.

மூன்றாவது, கையைப் பிடிப்பது எப்போது? கப்பல் ஹதீஸ் உங்களுக்குத் தெரியும். கீழ்த்தட்டில் உள்ளவர்கள் தண்ணீருக்காகத் தங்கள் பகுதியில் துளை போட நினைக்கிறார்கள். விட்டால் எல்லோரும் மூழ்குவார்கள், கையைப் பிடித்தால் எல்லோரும் தப்பிப்பார்கள் என்றார்கள் நபியவர்கள். துளை போடும் முன்பே கையைப் பிடிக்க வேண்டும். தண்ணீர் ஏறிய பிறகு வாளி கொண்டு இறைப்பது கடைசி வழி. அநியாயம் செய்யும் சகோதரனுக்கும் உதவு என்று நபியவர்கள் சொன்னபோது, அது எப்படி என்று ஸஹாபாக்கள் கேட்டார்கள். அவனை அநியாயத்தில் இருந்து தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கினார்கள்.

இனி வரி செலுத்துவோர் பணத்தில் மீட்பு இல்லை என்று அமெரிக்கா 2010இல் சட்டம் போட்டது. 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது, 2,50,000 டாலர் வரைதான் காப்பீடு என்ற வரம்பைத் தாண்டி எல்லா டெபாசிட்டுக்கும் இரண்டே நாளில் உத்தரவாதம் கொடுக்கப்பட்டது. இந்த முறை பங்குதாரர்களைக் காப்பாற்றவில்லை, அது ஒரு முன்னேற்றம். ஆனாலும் ஒரு முறை பழகிய கதவை மூடுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிகிறது.

நம் மஹல்லாவில்...

சகோதரர்களே! இது அமெரிக்கக் கதை என்று எழுந்து போய்விடாதீர்கள்.

"ஹலால் முதலீடு" என்று ஒருவர் ஊரில் பணம் திரட்டுகிறார். உங்கள் லட்ச ரூபாய்க்கு மாதம் 3,000 நிச்சயம் என்கிறார். லாபமோ நட்டமோ எனக்கு 3,000 வந்தால் போதும் என்று நீங்களும் கொடுக்கிறீர்கள். அதற்கு முளாரபா என்று பெயர் வைத்தாலும் அது வட்டிதான். உண்மையான முளாரபாவில் லாபத்தில் விகிதம் பேச வேண்டும். நட்டம் வந்தால் பணம் போட்டவருக்குப் பணம் நட்டம், உழைத்தவருக்கு உழைப்பு நட்டம். உழைத்தவர் கவனக்குறைவாக நடந்தாலோ, பேசிய நிபந்தனையை மீறினாலோ அவர்தான் ஈடு கட்ட வேண்டும். ஆகவே பணம் கொடுக்கும் முன் எழுதிக்கொள்ளுங்கள், கணக்குக் கேளுங்கள். கணக்குக் கேட்டால் முகம் சுளிப்பவரிடம் கொடுக்காதீர்கள்.

அவர் மூழ்கிய பிறகு ஜமாஅத்தில் பஞ்சாயத்து நடக்கும். பெரிய குடும்பத்துப் பிள்ளை என்றால் 'மன்னித்து விட்டுக் கொடுங்கள்' என்று, நகையை விற்றுப் பணம் போட்ட விதவையிடம் சொல்வோம். பத்தாயிரம் ரூபாய் பாக்கி வைத்த தள்ளுவண்டிக்காரரிடம் அப்படிச் சொல்வோமா? மன்னிப்பது பணம் இழந்தவரின் உரிமை, நிர்வாகிகள் எடுத்துக் கொடுக்கும் பொருள் அல்ல. முதலில் அவருடைய காரும் நிலமும் கணக்குக்கு வரட்டும். அதன் பிறகும் அவர் உண்மையிலேயே இல்லாதவர் என்றால் 2:280இல் அல்லாஹ் சொல்வது போல் அவகாசம் கொடுப்போம்.

பிள்ளையின் கடனை அடைக்கும் பெற்றோர்களே! அடையுங்கள், ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு அடையுங்கள். கடன் கொடுத்தவர் முன்னால் அவனை உட்கார வையுங்கள். அவனுடைய வண்டியை முதலில் விற்கச் சொல்லுங்கள். அவன் சம்பாத்தியத்தில் இருந்து மாதாமாதம் ஒரு தொகை போகட்டும்.

மறுமையில் மீட்புத் திட்டம் உண்டா?

இன்னொரு ஆபத்து எல்லாவற்றையும் விடப் பெரியது. வேதத்தைப் பெற்ற ஒரு கூட்டத்தைப் பற்றி அல்லாஹ் 7:169இல் சொல்கிறான். இந்த அற்ப உலகின் பொருளை எடுத்துக்கொள்வார்கள், எங்களுக்கு மன்னிப்புக் கிடைத்துவிடும் என்பார்கள், மறுபடியும் அது போன்றது வந்தால் மறுபடியும் எடுப்பார்கள். விழுந்தால் தூக்கிவிட ஆள் இருக்கிறது என்ற அதே தைரியத்தை அல்லாஹ்விடமே காட்டுகிறார்கள்! ஒரு ஹஜ்ஜு செய்தால் கழிந்துவிடும், ரமலானில் அழுது துஆ செய்தால் போதும் என்று நினைத்து அடுத்தவர் பணத்தில் கை வைக்கிறோம். அல்லாஹ்வின் அருள் விசாலமானதுதான். ஆனால் அடியானின் ஹக்கை அந்த அடியானிடம்தான் தீர்க்க வேண்டும்.

மறுமையில் திவாலானவர் யார் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு வருவார். ஆனால் ஒருவரைத் திட்டியிருப்பார், ஒருவர் மீது அவதூறு சொல்லியிருப்பார், ஒருவர் பொருளைத் தின்றிருப்பார். அவருடைய நன்மைகள் அவர்களுக்கு எடுத்துக் கொடுக்கப்படும். நன்மை தீர்ந்தால் அவர்களுடைய பாவங்கள் இவர் மேல் சுமத்தப்பட்டு நரகில் தள்ளப்படுவார். அந்த நாளில் தந்தை பிள்ளைக்கு உதவ மாட்டார், பிள்ளையும் தந்தைக்கு உதவ மாட்டான் என்கிறது 31:33.

ஆகவே இன்று மாலைக்குள் ஒரு காரியம் செய்யுங்கள். யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டாரிடம் காட்டுங்கள். கொடுக்க முடிந்ததைக் கொடுங்கள், முடியாததற்கு நேரில் போய்த் தவணை கேளுங்கள்.

யா அல்லாஹ்! ஹலாலானதைக் கொண்டு ஹராமை விட்டும் எங்களுக்குப் போதுமாக்குவாயாக! எங்கள் கடன்களை எங்கள் ஹயாத்திலேயே அடைக்க உதவி செய்வாயாக! மக்கள் பணத்தைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு உன் அச்சத்தைக் கொடுப்பாயாக! பிறர் செய்த தவறுக்காக வீட்டையும் தொழிலையும் இழந்த ஏழைகளுக்குச் சிறந்த பகரத்தைத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.